வாழைத் தோட்டத்தில் 31 பெட்டிகள்: சேதி கடத்தும் முதுகெலும்பை அவையே தேர்ந்தெடுத்துக்கொண்ட விதம்

என் மாமாவின் தோட்டம் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து ஏக்கர், முழுக்க நேந்திரன். ஆறடிக்கு ஆறடி நடவு என்பதால் ஏக்கருக்கு 1,200 கன்றுக்குக் கொஞ்சம் கூடவே நிற்கும். பாசனம் சொட்டுநீர்தான். எந்த வால்வை எந்த நாள் திறப்பது என்று முடிவு செய்ய மாமா தினமும் விடியற்காலையில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பார். முழங்கால் வலி வந்த பிறகு அந்தச் சுற்று பாதியாகிவிட்டது. தெற்கு மூலைக்கு அவர் போவதே இல்லை. அதுதான் மேடு, சீக்கிரம் காய்வதும் அதுதான்.

அதனால் சித்திரையில் கன்று நட்டதுமே 31 இடங்களில் மண் ஈரம் அளக்கும் பெட்டிகளைச் சவுக்குக் கம்புகளில் கட்டி வைத்தேன். அளவுகள் எல்லாம் மோட்டார் ரூமில் இருக்கும் பெட்டிக்கு வந்து சேர வேண்டும். அங்கிருந்து மாமாவின் போனுக்கு. பெட்டி செய்வது இரண்டு வாரத்தில் முடிந்தது. அவற்றை ஒன்றோடொன்று பேச வைத்து, பேட்டரி தீராமலும் வைத்திருப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒவ்வொரு பெட்டியிலும் 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ ஒன்று, 2,600 மில்லிஆம்ப் அவர் 18650 செல் ஒன்று, நேரத்துக்கு எழுப்பிவிட டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, பிறகு மண்ணில் குத்தும் கெப்பாசிட்டிவ் சென்சார். சென்சார் பலகையின் வெட்டுவாய் ஓரம் தண்ணீரை உறிஞ்சும். அதற்கு நகப்பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்துக் காயவைத்தேன். ரேடியோவின் மின்சாரக் கால்களுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை ஒட்டிவிடுங்கள். அது இல்லாமல் வைத்த நான்கு பெட்டிகள் நினைத்தபோது பேசின, நினைத்தபோது ஊமையாகின. ஒட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். ஐந்து ஏக்கரை ஒரே ஆன்டெனா எட்டிப் பிடித்திருக்கும். ஆனால் என்னிடம் ஏற்கெனவே 40 என்ஆர்எஃப் ரேடியோக்கள் இருந்தன. இன்னொரு காரணமும் உண்டு. சேதியைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோகும் வலைகளைப் பற்றிக் கல்லூரியில் படித்திருந்தேன், கையால் ஒன்றுகூடச் செய்ததில்லை. செய்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பல வருடமாக இருந்தது.

முதல் ஏற்பாடு மிக எளிது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாப் பெட்டிகளும் விழிக்கும். ஒவ்வொன்றும் தன் அளவைச் சொல்லும். அதுவரை கேட்காத சேதி எதைக் கேட்டாலும் ஒரு முறை திருப்பிச் சொல்லும். யார் பக்கத்தில் யார் என்ற கணக்கே வேண்டாம். எப்படியாவது மோட்டார் ரூமுக்கு வந்து சேர்ந்துவிடும். வந்தும் சேர்ந்தது. ஆனால் 31 சேதி, ஒவ்வொன்றையும் 31 பெட்டி சொல்கிறது: ஒரு சுற்றுக்கு 961 ஒலிபரப்பு. 250 கிலோபிட் வேகத்தில் 32 பைட் பாக்கெட் ஒன்றுக்கு 1.3 மில்லிசெகண்டுதான் ஆகிறது என்றாலும், இரண்டு பெட்டி ஒரே சமயத்தில் பேசினால் இரண்டுமே வீண். அதனால் ஒவ்வொன்றும் சில நொடிகள் தற்செயலாகக் காத்திருந்து பேச வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 60 நொடி விழிப்பு.

இந்த ரேடியோ பேசும்போது செலவழிப்பதைவிடக் கேட்கும்போதுதான் கொஞ்சம் கூடச் செலவழிக்கிறது. முழுச் சக்தியில் பேச 11.3 மில்லிஆம்ப், கேட்க ஏறக்குறைய 13. ஆர்டுயினோவையும் சேர்த்தால் விழித்திருக்கும் நேரமெல்லாம் 17. பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் என்றால் சராசரி 1.7 மில்லிஆம்ப். 2,600ஐ அதனால் வகுத்தால் 64 நாள் வரும். செல்லின் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் 3.4 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது என்பதால் கையில் கிடைத்தது 45 நாளை ஒட்டித்தான். 31 பெட்டிக்கும் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை செல் மாற்றுவதென்றால், மாமா முன்போலவே தோட்டம் முழுக்க நடக்க வேண்டியதுதான்.

எல்லாரும் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்வது எவ்வளவு வீண் என்பதற்குத் தைவானைச் சேர்ந்த நீ, ட்ஸெங், சென், ஷூ என்ற நால்வர் 1999-ல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு ரேடியோவின் எல்லையை வட்டம் என்று வைத்துக்கொண்டால், நான் கேட்ட சேதியைத் திருப்பிச் சொல்வதால் புதிதாக எட்டும் பரப்பு அதிகபட்சம் 61 சதவீதம், சராசரி 41. அதே சேதியை நான்கு பேர் சொல்லிக் கேட்ட பிறகு நானும் சொன்னால் புதிதாக எட்டுவது 5 சதவீதத்துக்கும் கீழே. என் தோட்டத்தில் ஒவ்வொரு சேதியையும் ஒரு பெட்டி ஏழெட்டு வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

சரி, சேதி சொல்லச் சிலர் மட்டும் போதும். மற்றவர்கள் தங்கள் அளவைப் பக்கத்தில் இருக்கும் ஒரு சேதிக்காரரிடம் கொடுத்துவிட்டு உடனே தூங்கிவிடலாம். அந்தச் சிலரைத் தேர்ந்தெடுக்க இரண்டே நிபந்தனைகள்தான். சேதிக்காரர் அல்லாத ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது ஒரு சேதிக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும். சேதிக்காரர்கள் வெளியாள் உதவியில்லாமல் தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் எட்ட வேண்டும். இதைத்தான் வலையின் முதுகெலும்பு என்கிறார்கள். கணித நூல்களில் இதன் பெயர் கனெக்டட் டாமினேட்டிங் செட். இருப்பதிலேயே மிகச் சிறிய முதுகெலும்பைக் கண்டுபிடிப்பது என்பி-ஹார்ட் வகைக் கணக்கு. பெட்டிகள் கூடக் கூட, உறுதியான விடைக்கு எந்தக் கணினியும் மாட்டிக்கொள்ளும். அதனால் எல்லாரும் தேடுவது ஓரளவு சிறியதாக, சீக்கிரம் கிடைக்கக்கூடிய ஒன்றைத்தான்.

நான் முதலில் எடுத்தது குஹாவும் குல்லரும் 1998-ல் எழுதிய முறை. பெட்டிகளின் பக்கத்துப் பட்டியலை, அதாவது எது எதை நேரடியாகக் கேட்கிறது என்பதை, எல்லாம் லேப்டாப்புக்குக் கொண்டுவந்து படமாகப் போட்டேன். பெட்டிக்கு ஒரு புள்ளி, ஒன்றையொன்று கேட்பவற்றுக்கு நடுவே ஒரு கோடு. எல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அதிகப் பக்கத்துப் பெட்டிகள் உள்ளதைக் கறுப்பாக்கு. அதன் பக்கத்தில் இருப்பவை சாம்பல் நிறமாகும். பிறகு சாம்பல் புள்ளிகளில் எது கறுப்பானால் அதிக வெள்ளைகள் சாம்பலாகுமோ அதைக் கறுப்பாக்கு. சில சமயம் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு ஜோடியைச் சேர்த்து எடுத்தால் லாபம். வெள்ளை தீரும்வரை இப்படியே போக வேண்டும். கறுப்புகள்தான் முதுகெலும்பு. கறுப்பு ஒவ்வொன்றும் முன்பே சாம்பலாக இருந்த இடத்திலிருந்து வளர்வதால் தொடர்பு அறுவதே இல்லை.

விடை ஆறு பெட்டிகள். 31-ல் ஆறு! அந்த ஆறின் எண்களை மோட்டார் ரூமிலிருந்து எல்லாருக்கும் அனுப்பினேன். சாதாரணப் பெட்டிகளின் விழிப்பு 60 நொடியிலிருந்து 2 நொடிக்கு இறங்கியது. முதுகெலும்பில் உள்ளவை 20 நொடி விழித்தன. அன்று ராத்திரி தூக்கம் வராத அளவுக்குச் சந்தோஷம்.

ஆடி பிறந்த இரண்டாவது வாரத்தில் மாமா போன் செய்தார்.

"மாப்பிள்ளை, தெக்கால பூராவும் நேத்திலிருந்து ஒண்ணுமே காட்ட மாட்டீங்குது. வால்வு தொறக்கறதா வேண்டாமா?"

"நாளைக்கு வந்து பாத்தர்றேனுங்க மாமா. இன்னைக்கு மட்டும் நீங்க மண்ணைப் பாத்துத் தொறந்துருங்க."

அங்கே போனபோது 14-ம் பெட்டியின் செல் 3.3 வோல்ட்டில் கிடந்தது. தோட்டத்தின் நடுவில் இருப்பதால் தெற்கிலிருந்து வரும் பத்துப் பெட்டிகளின் சேதியும் அதன் வழியாகத்தான் போயின. மற்ற முதுகெலும்புப் பெட்டிகளைவிட அதற்கு இரண்டு மடங்கு வேலை. போதாததற்கு, பழைய ஏற்பாட்டில் ஏற்கெனவே பாதி செல் தீர்ந்திருந்தது. என் கணக்கில் பேட்டரி என்ற ஒன்றே இல்லை. அதற்குப் பக்கத்தில் 13-ம் பெட்டி நல்ல செல்லோடு பத்து நிமிடத்துக்கு இரண்டு நொடி மட்டும் விழித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. 14-ன் வேலையை அதுவே பார்த்திருக்க முடியும். முதுகெலும்பு ஆறாக இல்லாமல் ஏழாகியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் அன்றுதான் கண்ணில் பட்டது. சித்திரையில் கன்று முழங்கால் உயரம். ஒரு பெட்டி 60 மீட்டர் தள்ளி இருப்பதைக் கேட்டது. ஆடியில் மார்பு உயரம் வந்துவிட்டது. நேந்திரன் தண்டு முழுக்கத் தண்ணீர், இலையும் அப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தண்ணீர் சுவர் மாதிரி. நான் லேப்டாப்பில் வைத்திருந்த படம் இரண்டு மாதம் பழையது. பாதிக் கோடுகள் தோட்டத்தில் இல்லவே இல்லை. வாரத்துக்கு ஒரு முறை பட்டியல் வாங்கி, திரும்பக் கணக்குப் போட்டு அனுப்பலாம்தான். ஆனால் பட்டியல் வந்து சேர வேண்டிய வழியே அறுந்துகிடக்கும்போது எந்தப் பட்டியல் வரும்? பெட்டிகள் தங்கள் பக்கத்தை மட்டும் பார்த்துத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தபோது முடிவெடுத்தேன்.

அதற்குப் பொருத்தமாகக் கிடைத்தது வூ, லி இருவரும் 1999-ல் எழுதிய முறை. ஒரு பெட்டிக்குத் தெரிய வேண்டியது, தன் பக்கத்தில் யார் யார், அவர்கள் ஒவ்வொருவரின் பக்கத்தில் யார் யார், இவ்வளவுதான். முதல் படி: என் பக்கத்துப் பெட்டிகளில் ஏதாவது இரண்டு ஒன்றையொன்று நேரடியாகக் கேட்க முடியாமல் இருந்தால், நான் முதுகெலும்பில் சேர்கிறேன். எல்லாரும் எல்லாரையும் கேட்டால் நான் தேவையில்லை.

இவ்வளவு சின்ன விதி எப்படி வேலை செய்யும் என்று எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்ததும் தெளிந்தது. ஏதாவது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழியை எடுங்கள். அதில் அடுத்தடுத்து வரும் மூன்றில் முதலும் மூன்றும் நேரடியாகப் பேச முடியாது. முடிந்திருந்தால் நடுவில் உள்ளதை விட்டுவிட்டு இன்னும் குறுகிய வழி கிடைத்திருக்கும். அப்படியென்றால் விதிப்படி நடுவில் உள்ளது கட்டாயம் சேர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு குறுகிய வழியின் இடைப்பெட்டிகள் அத்தனையும் முதுகெலும்பில் இருக்கும். தொடர்பும் அறாது, சுற்று வழியும் போக வேண்டியதில்லை.

ஒரே குறை, நெருக்கமாக நட்ட இடத்தில் ஏறக்குறைய எல்லாருமே சேர்ந்துவிடுவார்கள். எனக்கு 31-ல் 26 சேர்ந்தன. அதனால் இரண்டாவது படியாகக் கழித்துக் கட்டும் விதிகள் உண்டு. என் பக்கத்தில் உள்ள அனைவரையும் என்னைவிட முன்னுரிமை கூடிய இன்னொரு முதுகெலும்புப் பெட்டி கேட்கிறது என்றால் நான் விலகலாம். ஒன்றால் முடியாவிட்டால், ஒன்றையொன்று கேட்கும் இரண்டு பெட்டிகள் சேர்ந்து என் பக்கத்தாரை மூடினாலும் விலகலாம். பின்னர் 2004-ல் டாய், வூ இருவரும் இதை இரண்டு என்ற எல்லை இல்லாமல் பொதுவாக்கினார்கள்: என்னைவிட முன்னுரிமை கூடிய, தங்களுக்குள் தொடர்புள்ள எத்தனை பெட்டிகள் சேர்ந்து மூடினாலும் சரி. நான் எடுத்தது இந்தப் பொது விதியைத்தான்.

முன்னுரிமை எது என்பதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. முதலில் எழுதியவர்கள் பெட்டியின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்தால் பெரிய எண் உள்ள பெட்டிகளே காலம் முழுக்கச் சுமக்கும், 14-க்கு நடந்ததுதான் அவற்றுக்கும் நடக்கும். பேட்டரி அளவை முன்னுரிமையாக வைக்கும் யோசனையை வூவும் அவரோடு சேர்ந்தவர்களும் பிறகு எழுதினார்கள். நானும் செல்லின் நிலையை எட்டுப் படிகளாகப் பிரித்து, கூடுதல் படி உள்ளதற்கு முன்னுரிமை, சமமானால் பெரிய எண்ணுக்கு என்று வைத்தேன். மோட்டார் ரூம் பெட்டி கரன்ட்டில் ஓடுவதால் அதற்கு எப்போதும் முதலிடம். முதுகெலும்பின் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடும். கூடட்டும். எனக்கு வேண்டியது சிறிய முதுகெலும்பு அல்ல; முதலில் சாகும் பெட்டி எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான்.

அலசிப் பார்த்த இன்னொரு முறையைச் சொல்கிறேன்: வான், அல்ஸூபி, ஃப்ரைடர் மூவரும் 2002-ல் எழுதியது. ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லாத பெட்டிகளை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, நடுவே பாலம் போடுவார்கள். மிகச் சிறியதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்குக்கு மேல் போகாது என்ற உறுதி அதில் உண்டு. ஆனால் அந்த உறுதி, எல்லாருடைய எல்லையும் ஒரே அளவு வட்டம் என்பதில் நிற்கிறது. வட்டமாக இருந்தால் ஒரு பெட்டியைச் சுற்றி, தங்களுக்குள் கேட்காத பெட்டிகள் ஐந்துக்கு மேல் இருக்க முடியாது. வாழைத் தோட்டத்தில் வட்டம் இல்லை. சாலோடு போகும் திசையில் 40 மீட்டர் எட்டுகிறது. குறுக்கே தண்டுகளைத் தாண்டி 20 மீட்டர் எட்டுவதே பெரிது. வூ–லி முறைக்கு வட்டம் தேவையில்லை, கோடு இருவழியாக இருந்தால் போதும். அதனால் அதையே பிடித்துக்கொண்டேன்.

நிரல் எழுதும்போது ஒரு விஷயம் கைகொடுத்தது. 31 பெட்டி, மோட்டார் ரூமோடு 32. ஒரு பெட்டியின் பக்கத்துப் பட்டியலை 32 பிட் கொண்ட ஒரே எண்ணில் வைத்துவிடலாம்: 7-ம் பெட்டி கேட்டால் 7-ம் பிட் ஒன்று, கேட்காவிட்டால் சுழியம், தன் சொந்தப் பிட் எப்போதும் ஒன்று. நான்கு பைட். எல்லாருடைய பட்டியலும் சேர்ந்து 128 பைட். ஆர்டுயினோவின் 2 கிலோபைட் நினைவகத்தில் அது ஒரு மூலை. "என் பக்கத்தார் எல்லாரும் உன் பக்கத்திலும் இருக்கிறார்களா" என்ற கேள்வி (எனது & ~உனது) == 0 என்ற ஒரே வரியாகிவிடும். பொது விதிக்கும் இதே போலத்தான். முன்னுரிமை கூடியவர்களின் பிட்டுகளை மட்டும் எடு. அதில் ஒன்றில் தொடங்கி, அது கேட்பவர்களை அந்தக் கூட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டே போ. இனி வளராது என்றதும் அந்தக் கூட்டத்தின் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து, என் பட்டியல் அதற்குள் அடங்குகிறதா என்று பார். முழுக்க 40 வரிக்குள் முடிந்தது.

இதை ஏற்றிய முதல் நாள் முதுகெலும்பு 9 என்று வந்தது, ஆனால் ஏழு பெட்டிகளின் அளவு மோட்டார் ரூமை எட்டவே இல்லை. மூன்று நாள் நிரலில்தான் குற்றம் என்று தேடினேன். குற்றம் அங்கே இல்லை. என் 40 ரேடியோக்களில் ஐந்து, வெளியே நீட்டிய ஆன்டெனாவும் பெருக்கியும் உள்ள ரகம். அவை பேசினால் தோட்டமே கேட்கும். ஆனால் சாதாரணப் பெட்டி திருப்பிப் பேசினால் அது அந்தத் தூரத்துக்கு எட்டாது. நான் "கேட்டேன்" என்பதையே "பக்கத்தில் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்தும் எல்லாரையும் மூடுவதாகக் கணக்கில் வந்ததால் மற்றவை எல்லாம் விலகிக்கொண்டன.

இதற்கு மருந்து பழையது. ஓஎல்எஸ்ஆர் என்ற வழிகாட்டு நெறிமுறையிலேயே, 2003-ல் வந்த ஆர்எஃப்சி 3626 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில், இருக்கிறது. பெட்டி தன்னைப் பக்கத்தாருக்கு அறிவிக்கும் சின்னச் சேதிக்கு ஹலோ என்று பெயர். ஒவ்வொரு ஹலோவிலும் "நான் யார் யாரைக் கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். உன் ஹலோவில் என் பெயரை நானே கேட்டால்தான் நீ என் பக்கத்து வீடு. ஹலோவில் அதற்கு நான்கு பைட், உறுதியான இருவழிப் பட்டியலுக்கு இன்னொரு நான்கு. எண், சுற்று, பேட்டரி, குறி, மோட்டார் ரூமிலிருந்து எத்தனை தாவல் (கை மாறல்) என்பவை ஒவ்வொன்றும் ஒரு பைட். மொத்தம் 13. பாக்கெட்டின் 32-ல் தாராளமாக அடங்கியது.

அப்புறம், ஒரு முறை கேட்டதும் பக்கத்து வீடு என்று எழுதிவிடக் கூடாது. இந்த ரேடியோ சிக்னலின் பலத்தை எண்ணாகச் சொல்லாது. மைனஸ் 64 டிபிஎம்முக்கு மேலா கீழா என்று ஒரே பிட் மட்டும் தரும். அதனால் எண்ணிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கடைசி 16 ஹலோவில் 12 வந்திருந்தால் சேர்க்கிறேன். 8-க்குக் கீழே போனால்தான் நீக்குகிறேன். நடுவில் இடைவெளி விட்டது வேண்டுமென்றேதான். ஒரே எல்லை வைத்தபோது காற்றில் இலை ஆடுவதற்கெல்லாம் கோடுகள் வந்து வந்து போயின, முதுகெலும்பும் மணிக்கு மணி மாறியது.

புரட்டாசியில் எல்லாம் அமைதியாக ஓடியது. முதுகெலும்பு 11, 12 என்று நின்றது. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி 9, 17 இரண்டும் ஒரே சமயத்தில் விலகிக்கொண்டன. இரண்டும் பக்கத்துப் பெட்டிகள், கிட்டத்தட்ட ஒரே பக்கத்தாரைக் கொண்டவை. அவற்றுக்குப் பின்னால் இருந்த நான்கு பெட்டிகள் தனித்து விடப்பட்டன. பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது விவரம் புரிந்தது. அன்று இரண்டின் பேட்டரிப் படியும் ஒரு படி இறங்கியது. மழையில் ஹலோக்கள் தொலைந்துபோனதால், 17 இறங்கியது 9-க்குத் தெரியாது. 9 இறங்கியது 17-க்குத் தெரியாது. "அவன் என்னைவிடக் கூடுதல், அவன் பார்த்துக்கொள்வான்" என்று இரண்டுமே ஒதுங்கிவிட்டன. விதியின் நிரூபணம் முழுக்க, யார் மேல் யார் கீழ் என்பதில் எல்லாரும் ஒரே வரிசையை நம்புகிறார்கள் என்பதில்தான் நிற்கிறது. அந்த ஒருமை குலைந்தால் மற்றதும் குலையும்.

திருத்தம் இரண்டு. பேட்டரிப் படி நினைத்த நேரத்தில் மாறாது. ஞாயிறு நள்ளிரவில் மட்டும் மாறும், அந்த வாரம் முழுக்க அதே எண். ஹலோவில் சுற்று எண் என்று ஒரு பைட் இருந்ததே, அது இதற்காகச் சேர்த்ததுதான். இரண்டாவதுதான் முக்கியம்: இந்த வாரத்து எண்ணோடு உன் ஹலோவை நான் கேட்கும்வரை, உன்னை நம்பி நான் விலக மாட்டேன். தகவல் இல்லாதபோது இருவரும் இருப்பதால் போவது கொஞ்சம் பேட்டரி மட்டும். இருவரும் விலகினால் தோட்டத்தில் ஒரு பகுதியே ஊமையாகிவிடும். திங்கட்கிழமை காலையில் முதுகெலும்பு சில மணி நேரம் 18 வரை வீங்கும், பிறகு மெல்ல 12-க்கு இறங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதிதான்.

கூடவே ஒரு கைப்பிடியும் வைத்தேன். தன் அளவை ஒப்படைக்க ஆள் கிடைக்காமல் இரண்டு சுற்றுப் போன பெட்டி, குறி பைட்டில் கையைத் தூக்கும். அதைக் கேட்கும் பக்கத்துப் பெட்டிகள் விலகியிருந்தாலும் அந்த வாரம் முடியும்வரை திரும்ப முதுகெலும்பில் சேரும். எந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்தும் எடுத்ததல்ல, ஆனால் மூன்று முறை கைகொடுத்திருக்கிறது.

கார்த்திகைக்கு மேல் தோட்டம் முழுக்க மூடிக்கொண்டது. தார் தள்ளி, முட்டுக் கொடுத்து, மேலே பார்த்தால் வானம் தெரியாது. சராசரியாக ஒரு பெட்டிக்கு 10-க்கு மேல் இருந்த பக்கத்தார் நான்காகக் குறைந்தார்கள். முதுகெலும்பு 16-க்கு ஏறியது. படமாகப் போட்டால் அது சால்களின் போக்கிலேயே நீளமாக ஓடி, வால்வுகளுக்குப் போகும் நடைபாதையில் மட்டும் குறுக்கே கடந்தது. நான் அப்படி எங்கும் எழுதவில்லை. நடைபாதையில் தண்டு இல்லை, அதனால் அங்கே கோடுகள் நின்றன. அந்தப் படத்தை மாமாவிடம் காட்டியபோது அவர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது நாம நடக்கற வழிதானே" என்றார்.

பேட்டரி கணக்கு இப்படி வந்திருக்கிறது. சாதாரணப் பெட்டியின் சராசரி 0.08 மில்லிஆம்ப், முதுகெலும்பில் இருக்கும்போது 0.6. வேலை வாரா வாரம் கை மாறுவதால் எல்லாச் செல்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்குகின்றன. கடைசியாக எல்லாவற்றையும் அளந்தபோது அதிகம் உள்ளதற்கும் குறைந்ததற்கும் 0.15 வோல்ட்தான் வித்தியாசம். ஐப்பசியில் போட்ட புதுச் செல்களில் ஒன்றைக்கூட இதுவரை மாற்றவில்லை. வேலை கை மாறுவதில் விதிவிலக்கு 22-ம் பெட்டி. தெற்கு மேட்டில் இருக்கும் 27-க்கு அது ஒன்றுதான் பக்கத்து வீடு. அதனால் பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் 22 விலக முடியாது. இதற்கு விதியில் மாற்ற ஒன்றுமில்லை. தோட்டத்தில்தான் மாற்ற வேண்டும்.

இப்போது தார் வெட்டி முடிந்து, தாய் மரங்களைச் சாய்த்தாகிவிட்டது. பக்கக் கன்றுகள் இடுப்பு உயரத்தில் நிற்கின்றன. பக்கத்தார் சராசரி மறுபடி 9 ஆகிவிட்டது, முதுகெலும்பு தானாக 10-க்கு இறங்கியிருக்கிறது. 22-க்கும் 27-க்கும் நடுவே வைக்க இரண்டு புதுப் பெட்டிகள் மேசையில் தயாராக இருக்கின்றன. ஆனால் 32 பிட்டும் நிறைந்துவிட்டது. 64-க்கு மாற்றினால் ஹலோ 13 பைட்டிலிருந்து 21 ஆகும், பாக்கெட்டுக்குள் அடங்கும். பட்டியல்கள் 512 பைட் எடுக்கும், நினைவகத்திலும் இடம் இருக்கிறது. ஆடிக் காற்றுக்கு முன்னால் 31 பெட்டிக்கும் புது நிரல் ஏற்ற வேண்டும். வருகிற ஞாயிறு தெற்கு மூலையிலிருந்து தொடங்குகிறேன்.